பையும் குருதியும்: கோல் மார்க்கெட்டைச் சுற்றி ஒரு மனச்சோர்வின் வரலாறு

புது தில்லியின் கோல் மார்க்கெட் 1921-இல் எழுந்த பன்னிரு பக்கச் சந்தைக் கட்டடம். அதிலிருந்து நடந்து போகும் தொலைவில் மூன்று மருத்துவமனைகள் உள்ளன. ஒன்று, 1916 பிப்ரவரியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு திறந்துவைத்த லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. பெண்களைப் பெண் மருத்துவர்களே பார்க்க வேண்டும் என்ற அக்காலத் தேவையிலிருந்து பிறந்தது அக்கல்லூரி. இரண்டாவது, அதனுடன் இணைந்து 1956 முதல் இயங்கும் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை. மூன்றாவது, 1930-களில் வில்லிங்டன் மருத்துவமனையாகத் தொடங்கியது. 1967 அக்டோபரில் அங்கு அறுவை சிகிச்சைக்குப் பின் உயிரிழந்த ராம் மனோகர் லோகியாவின் பெயரை இன்று தாங்கி நிற்கிறது. இன்னொரு பக்கம் மந்திர் மார்க். சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே ஆண்டுதோறும் இடம்பெயர்ந்த சென்னை மாகாண எழுத்தர்களின் பிள்ளைகளுக்காக 1923-இல் தொடங்கிய தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று அந்தச் சாலையில்தான் இருக்கிறது. பிர்லா மந்திர், காளி பாரி, வால்மீகி கோயில் ஆகியவையும் அங்கேயே உள்ளன.

நோய்க்கூடங்களும் வழிபாட்டிடங்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இவ்வட்டாரம், நவீன மருத்துவத்தின் ஒரு சங்கடமான கேள்வியை வரலாற்று நோக்கில் எழுப்புவதற்கு ஏற்ற இடம். வயிற்றில் திறப்பும் அதன்மேல் பையும் கொண்டு வாழும் ஒருவருக்கு வரும் மனச்சோர்வு எங்கே இருக்கிறது? குருதியில் அளந்து காட்டக்கூடிய ஒன்றா அது? அல்லது அவர் திரும்பிச் செல்லும் வீட்டிலும் தெருவிலும் கோயில் வாசலிலும் இருப்பதா?

முதலில் பெயரைப் பற்றி. ஆங்கில மருத்துவம் வழங்கும் 'ஸ்டோமா' என்ற சொல் கிரேக்கத்தில் வாயைக் குறிப்பது. பெருங்குடலை வயிற்றுச் சுவரில் திறந்தால் கொலாஸ்டமி, சிறுகுடலின் கடைப்பகுதியைத் திறந்தால் இலியாஸ்டமி, சிறுநீருக்கு வழி அமைத்தால் யூரோஸ்டமி. தமிழில் இவற்றுக்கு நிலைபெற்ற பெயர் இல்லை. கலைச்சொல் அகராதிகள் எதைச் சொன்னாலும் நோயாளியும் உறவினரும் சொல்வது ஒன்றே: 'பை வைத்திருக்கிறார்'. திறப்பைச் சொல்லாமல் அதை மூடும் பொருளைச் சொல்லும் இவ்வழக்கில் மறைப்பு முதலிலேயே வந்துவிடுகிறது.

சுசுருத சம்ஹிதை குடலடைப்புக்கு வயிற்றைத் திறந்து, தடையை அகற்றி, குடலின் விளிம்புகளைக் கட்டெறும்புகளைக் கடிக்கவைத்து இணைக்கும் முறையை விவரிக்கிறது. அங்கே நோக்கம் மூடுவது. குடலைத் திறந்தபடியே விட்டு உயிரைக் காக்கலாம் என்ற எண்ணம் மிகவும் பிற்பட்டது. 1710-இல் பாரிசில் அலெக்சி லித்ரே, மலவாய் இன்றிப் பிறந்து இறந்த சிசுவின் உடலை ஆராய்ந்தபின் அந்த யோசனையை முன்வைத்தார். 1776-இல் ரூவான் நகரின் பிலோர் அதைச் செய்து பார்த்தார். அறுவைக்கு முன் குடலடைப்பை நீக்குவதற்காக விழுங்கக் கொடுத்திருந்த பாதரசத்தின் விளைவால் நோயாளி இருபத்தெட்டாம் நாள் இறந்தார். அறுவை அவரைக் கொல்லவில்லை. 1793-இல் பிரெஸ்ட் நகரில் துயுரே என்பவர் மலவாய் இல்லாத ஒரு குழந்தைக்குச் செய்த கொலாஸ்டமி வெற்றி பெற்றது. அக்குழந்தை வளர்ந்து நாற்பத்தைந்து வயதுவரை வாழ்ந்ததாகக் குறிப்பு உண்டு. அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளை அவர் எப்படி வாழ்ந்தார், மணம் செய்தாரா, எங்கே உறங்கினார், யாரோடு உண்டார் என்று மருத்துவ இலக்கியம் கேட்கவில்லை. ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்கு அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

அறுவையின் தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்தது. 1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடல் புற்றுக்கு விரிவான அறுவையை வகுத்தபோது நிரந்தரக் கொலாஸ்டமி அதன் பகுதியாயிற்று. கோல் மார்க்கெட் கட்டப்பட்ட அதே 1921-இல் பிரான்சில் ஆன்ரி ஹார்ட்மன் தம் பெயரால் இன்றும் வழங்கும் முறையை அறிவித்தார். 1950-இல் யூஜீன் பிரிக்கர் சிறுநீருக்கான வழியைச் சிறுகுடல் துண்டைக் கொண்டு அமைத்தார். 1952-இல் பிரையன் புரூக் சிறுகுடலின் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் எளிய உத்தியைக் காட்டியபின் இலியாஸ்டமி தாங்கக்கூடியதாயிற்று. ஆனால் உயிர் பிழைத்தவரின் அன்றாடத்தை நிர்ணயித்தது அறுவைக் கத்தியைவிடப் பைதான். சிகாகோவில் வேதியியல் மாணவராக இருந்த நோயாளி கேனிக் தமக்காக வடிவமைத்த ரப்பர்ப் பை 1940-களில் பரவியது. 1954-இல் டேனிஷ் செவிலியர் எலிசே சோரென்சன், அறுவைக்குப்பின் வெளியே செல்லவே அஞ்சிய தம் சகோதரி தோராவுக்காக ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்திய பின் வீசிவிடக்கூடிய பையைக் கற்பனை செய்தார். அதிலிருந்து 1957-இல் கோலோபிளாஸ்ட் நிறுவனம் பிறந்தது. அந்தக் கண்டுபிடிப்பின் தொடக்கத்தில் இருந்தது ஒரு பெண்ணின் அச்சம் என்பது கவனிக்கத்தக்கது. மனநலத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் மனநலத்துக்குச் செய்யப்பட்ட மிகப் பெரிய உதவிகளுள் ஒன்று அது.

இந்தியா இவ்வரலாற்றில் ஒரு பிசின் வடிவில் நுழைகிறது. திறப்பைச் சுற்றிய தோல், சிறுகுடலின் செரிமான நொதிகளால் வெந்து புண்ணாவது அக்காலத்தின் தீராத் துயரம். 1950-களில் கிளீவ்லண்டில் ரூபர்ட் டர்ன்புல் அதற்குப் பயன்படுத்திய காப்புப் பொருள் கராயா. மத்திய இந்தியக் காடுகளிலும் ஆந்திரக் காடுகளிலும் வளரும் குலு மரத்தின் பட்டையைக் கீறிப் பழங்குடியினர் சேகரிக்கும் பிசின் அது. அதே டர்ன்புல்தான் 1958-இல் தம் நோயாளியாக இருந்த நார்மா கில்லைப் பணியில் அமர்த்தி, திறப்புப் பராமரிப்பு என்ற தனித்துறைக்கு வித்திட்டார். மேற்கத்திய ஸ்டோமா நோயாளிகளின் தோலை ஆறவைத்த பிசினைச் சேகரித்தவர்களின் ஊரில் அந்த அறுவைக்குள்ளானவருக்குப் பல பத்தாண்டுகள் கிடைத்தவை பழந்துணியும் பாலித்தீன் உறையும்தான் என்பதை வரலாற்றின் முரண் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

மனத்தைப் பற்றிய கேள்வி முறையாக எழுந்தது 1952-இல். நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் ஆர்தர் சதர்லண்டும் அவர் குழுவினரும் கொலாஸ்டமி செய்துகொண்ட புற்றுநோயாளிகளிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தினர். நோய் நீங்கியவர்கள் பலர் வேலையை விட்டிருந்தனர், விருந்துகளைத் தவிர்த்தனர், மண உறவிலிருந்து விலகியிருந்தனர், நாளின் பெரும்பகுதியைக் குளியலறையில் கழித்தனர். 1971-இல் இங்கிலாந்தில் பிரண்டன் டெவ்லின் குழு வெளியிட்ட ஆய்வும் இதே துயரத்தைக் காட்டியது. நோயாளிகளோ அதற்கு முன்பே தாமாகக் கூடத் தொடங்கிவிட்டிருந்தனர். 1951-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் கியூ, டி என்ற இரு வார்டுகளின் எழுத்துகளையே பெயராக வைத்து ஒரு சங்கம் உருவாயிற்று. 1956-இல் பிரிட்டனிலும், 1970-களில் மும்பையிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின. 1997-இல் ஒயிட், ஹண்ட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறுவைக்குப்பின் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மருத்துவ கவனம் தேவைப்படும் அளவுக்கு உளத்துயரம் இருப்பதாக முடிவுக்கு வந்தனர்.

நான்கில் ஒருவர் என்றால், யார் அந்த ஒருவர்? அவரை முன்கூட்டியே கண்டறிய முடியுமா? இங்குதான் உயிரியல் குறிகளின் கதை நுழைகிறது. அதன் தொடக்கங்களுள் ஒன்று கோல் மார்க்கெட்டுக்கு அருகிலேயே கிடக்கிறது.

லேடி ஹார்டிஞ்சு கல்லூரியைத் திறந்த அதே ஹார்டிஞ்சு, 1916-இல் கரோல் பாக்கில் ஹக்கீம் அஜ்மல் கானின் திப்பியா கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1921-இல் அதைத் திறந்துவைத்தவர் காந்தி. அஜ்மல் கானின் ஊக்கத்தால் அங்கு ஆய்வுக்கு வந்த சலீமுஸ்ஸமான் சித்திக்கி, பீகார் முதலிய பகுதிகளில் பைத்தியத்துக்கு மருந்து என்று நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தா வேரைப் பகுத்து, 1931-இல் ஓர் ஆல்கலாய்டைத் தனித்தெடுத்து, மறைந்த புரவலரின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அவ்வேர் குருதியழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதைப் பதிவு செய்தனர். 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் அதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழுக்குக் கொண்டுசென்றார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதே வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தது. இரண்டே ஆண்டுகளில், உயர் குருதியழுத்தத்துக்கு ரிசர்பின் உண்டவர்களுள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்ததாக அமெரிக்காவில் எட்வர்ட் பிரைஸ் எழுதினார். மருந்து மூளையின் அமீன்களைக் குறைக்கிறது, மனம் சோர்கிறது, ஆகவே சோர்வென்பது அமீன் குறைவு. 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராட் முறைப்படுத்திய கருதுகோளின் எலும்புக்கூடு இவ்வளவே. ரிசர்பின் உண்மையில் எத்தனை பேரைச் சோர்வில் ஆழ்த்தியது என்பதே பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று. ஆயினும் மனத்துயருக்கு ஒரு வேதிப்பொருள் விலாசம் உண்டு என்ற நம்பிக்கை அதற்குள் வேரூன்றிவிட்டது.

அந்த விலாசங்களுள் மிகப் புகழ்பெற்றது செரோட்டோனின். இப்பொருள் முதலில் கண்டறியப்பட்டது மூளையில் அன்று, குடலில். 1930-களில் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடற்சுவரின் செல்களிலிருந்து எடுத்து எண்டிரமின் என்று அழைத்ததும், 1948-இல் கிளீவ்லண்டில் மாரிஸ் ராப்போர்ட் குழு குருதி நீரிலிருந்து எடுத்துச் செரோட்டோனின் என்று அழைத்ததும் ஒரே பொருள் என்பது 1952-இல் உறுதியாயிற்று. உடலின் செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குடலில் உள்ளது. ஸ்டோமா உள்ளவரைப் பொறுத்தவரை இதன் பொருள் கடுமையானது. குருதியிலோ சிறுநீரிலோ செரோட்டோனினையும் அதன் சிதைபொருளையும் அளந்தால், அளக்கப்படுவது பெரும்பாலும் குடலின் நிலை. குடலின் ஒரு பகுதியே வெட்டி எடுக்கப்பட்டவரிடம் அந்த எண்ணை மனத்தின் சாட்சியாகக் கொள்வது எப்படி? 2022-இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர், மனச்சோர்வு செரோட்டோனின் குறைவால் வருகிறது என்பதற்கு நிலையான சான்று இல்லை என்று எழுதியபோது உளமருத்துவ உலகில் பெரும் வாதம் எழுந்தது. ஸ்டோமா நோயாளிகளைப் பற்றிய வரை அந்த வாதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நம்பிக்கை கார்ட்டிசால். 1960-களின் இறுதியிலிருந்து பெர்னார்ட் கேரல் உருவாக்கி, 1981-இல் விரிவாக வெளியிட்ட டெக்சாமெத்தசோன் சோதனை உளமருத்துவத்தின் முதல் ஆய்வகச் சோதனையாகக் கொண்டாடப்பட்டது. இரவில் ஒரு மில்லிகிராம் மாத்திரை. மறுநாள் கார்ட்டிசால் அடங்காமல் உயர்ந்திருந்தால் அது கடுஞ்சோர்வின் அடையாளம். சில ஆண்டுகளிலேயே அதன் ஒளி மங்கியது. உடல் எடை குறைந்தவர்கள், கடும் உடல்நோய் உற்றவர்கள், அண்மையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் ஆகியோரிடமும் அதே முடிவு வந்தது. அறுவைக்கூடத்திலிருந்து வெளிவந்த ஸ்டோமா நோயாளி இம்மூன்றும் சேர்ந்த உருவம். புண்குடல் அழற்சிக்காக நெடுநாள் ஸ்டிராய்டு உண்டவராகவும் இருந்தால் அவருடைய கார்ட்டிசால் எதையும் சொல்லும் தகுதியை இழந்துவிடும். அந்த ஸ்டிராய்டே மனநிலையைக் குலைக்கவல்லது என்பது வேறு.

1990-களில் பார்வை அழற்சியின் பக்கம் திரும்பியது. 1991-இல் ரொனால்ட் ஸ்மித் மனச்சோர்வை நோயெதிர்ப்புச் செல்களின் சுரப்புகளோடு இணைத்தார். இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் போன்றவை சோர்வுற்றவர்களிடம் சராசரியாகச் சற்றே உயர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. இவ்வழியின் சான்று முந்தையவற்றைவிட வலியது என்றே மதிப்பிட வேண்டும். தோல் புற்றுக்கு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா செலுத்தப்பட்டவர்களுள் பலர் மனச்சோர்வுற்றனர் என்பதையும், முன்கூட்டியே சோர்வுமருந்து கொடுத்தால் அது குறைகிறது என்பதையும் 2001-இல் முசல்மன் குழு காட்டியது. அழற்சிப் பொருள் ஒன்றை வெளியிலிருந்து செலுத்தினால் மனம் சோர்கிறது என்பதைத் தொடர்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. காரணத்தை நோக்கிய விரல் அது. 2013-இல் வெளியான ஆய்வில், மருந்துக்கு அடங்காத சோர்வுள்ள அறுபது பேருக்கு, குடலழற்சிக்கு வழங்கும் இன்ஃபிளிக்சிமாப் கொடுத்துப் பார்த்தனர். மொத்தத்தில் போலிமருந்தைவிட அது மேலாக இல்லை. சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பயன் தென்பட்டது. சோர்வு ஒரே நோயன்று, அதன் ஒரு வகைக்கு மட்டும் அழற்சி வேராக இருக்கலாம் என்பதே இதிலிருந்து பெறத்தக்க நிதானமான பாடம்.

ஆனால் ஸ்டோமா உள்ளவர் இந்த எண்களின் முன் மறுபடியும் புதிராக நிற்கிறார். புற்று, கிரோன் நோய், குடற்புண், அறுவைக் காயம், திறப்பைச் சுற்றிய தோல்புண் ஆகிய எல்லாமே அதே புரதங்களை உயர்த்துபவை. மேல்பகுதியில் திறப்பு வைத்துக் கீழ்ப்பகுதிப் பெருங்குடலை ஓய்வில் விட்டால், மலம் வராத அந்தக் குடல் தானே அழற்சியுறும் என்பதை 1981-இல் கிளாட்சர் விவரித்தார். நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துத் தரும் சிறுசங்கிலிக் கொழுப்பமிலங்களே அக்குடற்சுவரின் உணவு, அது நின்றுபோவதே காரணம் என்பது பின்னர் புரிந்தது. குடல் நுண்ணுயிரி மனத்தோடு பேசுகிறது என்று இன்று எழுதப்படுவனவற்றில் பாதி ஆர்வ மிகுதி. எனினும் குடலின் வழியே மாற்றியமைக்கப்பட்ட ஓர் உடலில் முழுக்குடல் உடையோரிடமிருந்து பெற்ற அளவுகோல்களை அப்படியே பொருத்துவது முறையன்று என்பதில் ஐயமில்லை.

அளவுகோல் என்னும்போது வினாத்தாள்களையும் விலக்க முடியாது. 1960-இல் ஹாமில்டன் வகுத்த அளவை உறக்கம், பசி, எடை, களைப்பு, மலச்சிக்கல் என உடலறிகுறிகளை நம்பியது. இரவில் பையைக் காலிசெய்ய இருமுறை எழுபவரின் உறக்கக் கலைவு சோர்வின் அறிகுறியா? வெளியே செல்லும் நாளில் வேண்டுமென்றே உண்ணாமல் இருப்பவரின் பசியின்மை? இச்சிக்கலை உணர்ந்தே 1983-இல் சிக்மண்ட், சினெய்த் இருவரும் உடலறிகுறிகளை நீக்கிய ஒரு வினாத்தாளைப் பொது மருத்துவமனைகளுக்கென்று வகுத்தனர்.

இத்தனை குழப்பத்துக்கும் நடுவே, குருதியைச் சோதிப்பது வீண் என்ற முடிவுக்கு வருவது பெருந்தவறு. சோர்வை அடையாளம் காட்டும் குறிகள் ஏமாற்றியிருக்கலாம். சோர்வைப் போல் வேடமிடும் குறைகளைக் காட்டும் எளிய சோதனைகள் ஏமாற்றுவதில்லை. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைப்பகுதியில். அப்பகுதி நீக்கப்பட்டால், கல்லீரலின் இருப்பு தீரும்வரை சில ஆண்டுகள் எதுவும் தெரியாது. பின் களைப்பும் மறதியும் மனமழிவும் மெல்ல வந்து சேரும். மரக்கறி உணவால் பி12 இருப்பே குறைந்த மக்கள் நிறைந்த வட இந்தியாவில் அந்தச் சில ஆண்டுகள் இன்னும் சுருங்கும். வேலூரில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாதன் முதலியோர் 1960-களில் தென்னிந்தியச் சிற்றூர்களின் வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்தபோது, குடலின் உறிஞ்சும் ஆற்றல் குலைந்தால் பி12 எப்படிச் சரிகிறது என்பது இந்நாட்டிலேயே பதிவாகிவிட்டது. உப்பும் அப்படித்தான். இலியாஸ்டமி உள்ளவர் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேற்பட்ட நீர்மத்தை உப்போடு இழக்கிறார். தில்லியின் மே மாதத்தில், வெளியே கழிப்பறை கிடைக்காது என்றஞ்சி நீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டால், சோடியமும் மக்னீசியமும் வீழ்ந்து உடல் துவளும், எதிலும் பிடிப்பற்றுப்போகும். பை வைத்தவருக்குக் கவலை இருக்கத்தானே செய்யும் என்று மருத்துவர் அதை இயல்பாக்கிவிட்டால், ஓர் ஊசியிலும் உப்புக்கரைசலிலும் தீர்ந்திருக்கக்கூடிய துயரம் தீராமல் தொடரும். எல்லாச் சோர்வையும் குருதிக்குள் தேடுவதன் பிழைக்கு இது நேர் எதிரான பிழை. விலை கொடுப்பவர் இரண்டிலும் நோயாளியே.

கலாவதி சரண் போன்ற குழந்தைகள் மருத்துவமனைகள் இக்கதையின் இன்னொரு முகம். மலவாய் இன்றியோ குறையோடோ ஏறத்தாழ ஐயாயிரம் பிறப்புகளில் ஒரு குழந்தை பிறக்கிறது. துயுரேயின் குழந்தைக்கு அத்திறப்பு வாழ்நாள் முழுவதற்குமானது. 1982-இல் ஆல்பர்டோ பென்யா, டி ஃப்ரீஸ் இருவரும் வெளியிட்ட அறுவைமுறைக்குப்பின் பெரும்பாலோருக்கு அது சில மாதங்களுக்கு மட்டுமே. பிறந்து ஓரிரு நாளில் வைக்கப்படும் அத்திறப்பைப் பராமரிப்பவர் தாய். இந்தியாவின் ஏழைக் குடும்பங்களில் அதற்குப் பை கிடையாது. மடித்த பருத்தித்துணியே பை. பேறுகாலச் சோர்வு வரக்கூடிய அதே வாரங்களில் ஒருமணிக்கு ஒருமுறை துணி மாற்றித் தோலைக் காக்கும் தாயைப் பற்றி ஸ்டோமா ஆய்வுகள் எழுதியது மிகக் குறைவு. சோர்வடைபவர் திறப்பு உள்ளவராகவே இருக்க வேண்டும் என்ற முன்முடிவு ஆய்வுத் திட்டங்களிலேயே பொதிந்திருக்கிறது.

மந்திர் மார்க்கின் வால்மீகி கோயில் வளாகத்தில் 1946-47-இல் காந்தி தங்கியிருந்தார். நகரின் மலத்தை அள்ளும்படி பிறப்பால் விதிக்கப்பட்ட சமூகத்தின் குடியிருப்பு அது. வந்து கண்ட ஆங்கிலேய அமைச்சர்களும் காங்கிரசுத் தலைவர்களும் அங்கேதான் அமர வேண்டியிருந்தது. மலத்தைத் தொடுபவரைத் தொடாத சமூகத்தில், தன் மலத்தைத் தன் வயிற்றில் சுமப்பவர் என்ன ஆகிறார் என்ற கேள்விக்கு ஐரோப்பிய ஆய்வுகளில் விடை இல்லை. மடி, தீட்டு, ஆசாரம் என்ற சொற்களை அறிந்த வீடுகளில் பூசையறைக்குள் போகலாமா, சமையற்கட்டில் நிற்கலாமா, பந்தியில் அமரலாமா என்பவை முதல் வாரத்திலேயே எழும் கேள்விகள். துருக்கியில் குசு குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், திறப்பு வைக்கப்பட்ட முஸ்லிம் நோயாளிகள் பலர் தொழுகையையும் நோன்பையும் குறைத்தோ நிறுத்தியோ விட்டதைக் கண்டனர். தூய்மை கெட்டுவிட்டது என்ற அச்சமே அதன் பின்னணி. அதே தூய்மைக் கவலையைச் சாதி என்ற கூடுதல் அடுக்கோடு எதிர்கொள்வது இந்திய நோயாளியின் நிலை. அவமானம் அழற்சியாகவும் மாறலாம், கார்ட்டிசாலாகவும் வெளிப்படலாம். உடல் அதைப் பதிவு செய்யாமல் இராது. ஆனால் அந்தப் பதிவைக் குருதியில் படித்துவிட்டு அதன் மூலத்தையும் குருதியிலேயே தேடுவது, புகையைக் கண்டவர் அடுப்பை விட்டுவிட்டுக் கூரையைத் தோண்டுவதற்கு ஒப்பு.

நடைமுறையில் சோர்வைக் குறைத்தவை எவை என்று பார்த்தால் பட்டியல் எளிமையாக இருக்கிறது. அறுவைக்கு முன்பே, நோயாளி அமர்ந்தும் குனிந்தும் பார்த்து, வேட்டியோ சேலையோ கட்டும் இடத்தைத் தவிர்த்துத் திறப்புக்கான புள்ளியைக் குறிப்பது; கசியாத பை; பயிற்சி பெற்ற செவிலியர்; அதே நிலையில் வாழும் இன்னொருவருடன் ஓர் உரையாடல். மும்பை டாடா நினைவு மருத்துவமனை அத்தகைய செவிலியர்களை உருவாக்கிவருகிறது. நாட்டின் தேவையோடு ஒப்பிட்டால் அவர்கள் மிகச் சிலர்.

ஜப்பான் 1984 முதல் நிரந்தரத் திறப்பு உள்ளவர்களை உடல் ஊனமுற்றோராக ஏற்று, பைக்கு அரசுதவி வழங்கிவருகிறது. அங்குள்ள பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் பையைக் கழுவ இடுப்புயரத் தொட்டி உண்டு. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு நிலைகளை அட்டவணைப்படுத்துகிறது. அமிலவீச்சுக்கு ஆளானோர், தலசீமியா, பார்க்கின்சன் என முந்தைய சட்டத்தில் இல்லாத பல அதில் இடம்பெற்றன. ஸ்டோமா அதில் இல்லை. மனநோய் இருக்கிறது. ஆகவே பை வைத்திருக்கும் ஒருவர் சான்றிதழ் பெற விரும்பினால், பையைக் காட்டிப் பயனில்லை. பையினால் வந்த சோர்வு நாற்பது விழுக்காட்டை எட்டியதாக உளமருத்துவர் எழுத வேண்டும். அதற்கென இந்திய உளமருத்துவச் சங்கம் வகுத்த அளவை எந்தக் குருதிச் சோதனையையும் கேட்பதில்லை. தன்னைத்தான் பேணிக்கொள்கிறாரா, பிறரோடு உறவாடுகிறாரா, பேசவும் புரிந்துகொள்ளவும் முடிகிறதா, வேலைக்குப் போகிறாரா என்ற நான்கையே அது கேட்கிறது.